மணிக்கு 56 டாலர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? சிகாகோவில் வேலை தேடிய ஒரு மருந்தாளுநர்: நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் ரீடெய்ல் ஃபார்மசி வேலைக்கு வர நினைக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது, "சிகாகோவில் வேலை கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். அந்த வேலை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. 2019-இல் மருந்தாளுநரான நானும் கேட்கவில்லை. அதனால் ஒருவருக்கு நேர்ந்ததைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர் இதைப் படித்துப் பார்த்துச் சில இடங்களைத் திருத்தித் தந்தார். நிறுவனங்களின் பெயரையும் அவர் இப்போது இருக்கும் ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

இவர் தமிழ்நாட்டில் ஆறு வருட ஃபார்ம்.டி முடித்தவர். இந்தியாவில் அந்தப் படிப்பு 2008-இல்தான் தொடங்கியது. அமெரிக்க லைசென்ஸ் பக்கம் வர விரும்புவோருக்கு இது முக்கியமான விஷயம். 2003 ஜனவரிக்குப் பிறகு பட்டம் பெற்ற வெளிநாட்டினரிடம் குறைந்தது ஐந்து வருடப் படிப்பு இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், நான்கு வருட பி.ஃபார்ம் மட்டும் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டுப் பட்டம் இணையானதா என்று சோதிக்கும் எஃப்பிஜிஇஇ தேர்வை எழுதவே முடியாது. நான் அந்தக் கெடுவுக்கு முன்னால் படித்து முடித்தவள் என்பதால் தப்பித்தேன்.

2017-இல் திருமணமாகி, கணவரைச் சார்ந்து வரும் எச்-4 விசாவில் சிகாகோவின் மேற்குப் புறநகரான நேப்பர்வில்லுக்கு வந்தார். கணவர் எச்-1பி வேலை விசாவில் மென்பொருள் வேலையில் இருந்தார், கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தது. ஆகவே 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த எச்-4 வேலை அனுமதி இவருக்குக் கிடைத்தது. எஃப்பிஜிஇஇ, டோஃபல், பிறகு இன்டர்ன் மணிநேரங்கள் என்று ஒவ்வொன்றாகக் கடந்தார். இன்டர்னாக நின்றது என் கடையில். மருந்தாளுநர் லைசென்ஸுக்கான நாப்ளெக்ஸ் தேர்விலும் இல்லினாய் மாநிலச் சட்டத் தேர்விலும் முதல் முயற்சியிலேயே தேறி, 2019 செப்டம்பரில் லைசென்ஸ் வாங்கினார்.

படிப்புக் கடன் ஒரு டாலர்கூட இல்லை. உடன் இன்டர்னாக இருந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு 1,60,000 டாலர் கடன். இருவருக்கும் ஒரே சந்தைதான், ஆனால் எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்பதில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். இவருக்கு நடந்ததை அப்படியே எல்லோருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சந்தையின் நிலை

நான் 2006-இல் லைசென்ஸ் வாங்கியபோது நிலைமையே வேறு. மருந்தாளுநர் பற்றாக்குறை என்று 2000 டிசம்பரிலேயே மத்திய அரசின் சுகாதாரத் துறையைச் சேர்ந்த எச்ஆர்எஸ்ஏ அமைப்பு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்திருந்தது. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இரண்டு நிறுவனங்கள் என்னைக் கூப்பிட்டுப் பேசின.

அந்தப் பற்றாக்குறைக்குக் கிடைத்த மருந்து, கல்லூரிகள். 2000-இல் நாடு முழுவதும் 80 சொச்சம் ஃபார்மசி கல்லூரிகள் இருந்தன. 2020 வாக்கில் அது 140-ஐத் தாண்டியது. ஆண்டுக்குச் சுமார் 7,000 பேர் பட்டம் பெற்ற இடத்தில் 14,000-க்கு மேல் வெளியே வந்தார்கள். சிகாகோவை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் தெளிவு. 2007 வரை நகரத்தைச் சுற்றி இரண்டே கல்லூரிகள்: இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம், டௌனர்ஸ் குரோவில் உள்ள மிட்வெஸ்டர்ன். 2008-இல் சிகாகோ ஸ்டேட் சேர்ந்தது. 2011-இல் ரூஸ்வெல்ட், ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் இரண்டும் ஒரே வருடத்தில் திறந்தன. படித்து முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சொந்தபந்தம் இருக்கும் அதே நகரத்தில்தான் வேலை தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கடைகளின் எண்ணிக்கை அதற்கு ஈடாக ஏறவில்லை. ஏறியிருந்தாலும் வேலை ஏறியிருக்காது என்பது என் கருத்து. ஒரு ஸ்கிரிப்டுக்கு, அதாவது மருந்துச் சீட்டுக்கு, கிடைக்கும் பணத்தைக் கடை தீர்மானிப்பதில்லை. காப்பீட்டுக்கும் கடைக்கும் நடுவில் நிற்கும் பிபிஎம் நிறுவனங்கள்தான் தீர்மானிக்கின்றன. நாட்டின் ஸ்கிரிப்டுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மூன்றே பிபிஎம்கள் கையாளுகின்றன என்று 2024 ஜூலையில் மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் இடைக்கால அறிக்கை சொன்னது. வரவு கடையின் கையில் இல்லை. வாடகையும் மருந்தின் கொள்முதல் விலையும்கூடப் பெரிதாக அதன் கையில் இல்லை. டிஸ்ட்ரிக்ட் மேனேஜர் நினைத்தால் இந்த வாரமே குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்று, ஆட்களுக்குக் கொடுக்கும் மணிநேரம்.

வேலைத்தேடல்: 2019 செப்டம்பர் – நவம்பர்

வீட்டிலிருந்து 40 மைல் சுற்றளவுக்குள் 43 விண்ணப்பங்கள் போட்டார். விளம்பரங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் பற்றாக்குறை இருப்பது போலத்தான் தோன்றியது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து கடை எண்ணை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். 43-இல் 19, ஒரே ஃப்ளோட்டர் (நிலையான கடை இல்லாமல் கடை கடையாக அனுப்பப்படுபவர்) பணியிடத்தை வெவ்வேறு கடை முகவரியில் திரும்பத் திரும்பப் போட்டவை. ஐந்து, ஆள் எடுக்கும் எண்ணமே இல்லாமல் ஆண்டு முழுக்கத் திறந்து வைத்திருப்பவை. நேர்காணல் வரை வந்தது ஆறு. மருத்துவமனைகள் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) கேட்டன, அதோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது.

கையில் வந்தவை இரண்டு. ஒன்று பெரிய தொடர் நிறுவனத்தின் ஃப்ளோட்டர் வேலை. மணிக்கு 56 டாலர். இன்னொன்று தனியார் கடை. மணிக்கு 48 டாலர், வாரம் 20 மணி நேரம் உறுதி, எழுத்தில்.

அன்று இரவு ஃபோனில் கேட்டார்: "அக்கா, மணிக்கு 56ன்னு சொல்றாங்க. வாரத்துக்கு எவ்வளவு வரும்னு கேட்டா, 'அது அந்தந்த வாரத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் முப்பது வரும்'னு முடிச்சிட்டாங்க. ஆஃபர் லெட்டர்ல மணி நேரமே இல்லக்கா."

நான் சொன்ன பதில் நன்றாக நினைவிருக்கிறது. "முதல்ல உள்ள போயிடும்மா. ஆறு மாசத்துல ஒரு கடையில நிரந்தரமா போட்டுடுவாங்க." 2006-இன் அனுபவத்தை வைத்து 2019-க்குச் சொன்ன அறிவுரை அது. இந்த ஆய்வில் தவறான முடிவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது என்னுடையது.

கவனித்தவை: 2019 நவம்பர் – 2020 பிப்ரவரி

முதல் வாரத்திலிருந்தே ஒரு சிறிய நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதி வந்தார்: தேதி, கடை, சம்பளம் தரும் மணி, காரில் போன மணி. பிறகு எடுத்த எல்லா முடிவுகளுக்கும் அடிப்படையாக இருந்தது இந்த நோட்டுதான்.

நவம்பரில் வாரச் சராசரி 30 மணி நேரம். டிசம்பரில் 28. ஃப்ளூ தடுப்பூசி சீசன் முடிந்ததும் ஜனவரியில் 22, பிப்ரவரியில் 17. மாதச் சராசரி ஒருமுறைகூட 30-ஐத் தாண்டாதது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவரை முழுநேர ஊழியராகக் கணக்கிட்டுப் பெரிய நிறுவனங்கள் காப்பீடு தர வேண்டும் என்பது 2010-இன் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தின் ஏற்பாடு.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் ஸ்கெடியூலரிடமிருந்து மெசேஜ் வரும். அதற்கு முன் அடுத்த வாரம் எங்கே நிற்போம் என்று தெரியாது. 16 வாரத்தில் 14 கடைகள். பிப்ரவரி இரண்டாம் வாரம் வடக்கே வாக்கீகனில் இரண்டு ஷிஃப்ட், போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, பனி விழுந்த அன்று இரண்டேகால். அந்த வாரம் சம்பளம் வாங்கிய மணி 16, ஸ்டியரிங்கைப் பிடித்த மணி 9.

ஒரு நாள் நானும் அவர் நின்ற கடைக்குப் போய்ப் பார்த்தேன். திங்கட்கிழமை மதியம். ஒரே மருந்தாளுநர், இரண்டு டெக்னீஷியன். திரையில் பச்சையாக இருந்த ஸ்கிரிப்ட் வரிசை தாமதம் ஏற ஏற மஞ்சளாகி, நான் நின்ற இருபது நிமிடத்தில் பாதி சிவப்பாகியது. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் ஸ்கிரிப்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். டிரைவ் த்ரூவில் மணி அடித்தது. தடுப்பூசிக்கு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்தார். மருந்து வைக்கும் அலமாரி எந்த ஒழுங்கில் இருக்கிறது என்றுகூட இவருக்கு முழுதாகத் தெரியாது, அந்தக் கடையில் அன்றுதான் முதல் நாள். ஃபோனை வைத்துவிட்டு அந்த ஸ்கிரிப்டை முதலிலிருந்து மறுபடி சரிபார்த்தார். வரிசையில் இன்னும் இரண்டு சிவப்பு கூடியது. எனக்கு அந்த ஒரு காட்சியே போதுமாக இருந்தது.

ஆள் அதிகமாக இருக்கும் நகரத்தில் கடைக்குள் ஆள் குறைவாக இருப்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புதிராகத் தெரியும். வெளியே வரிசையில் நிற்பவர்கள் ஏராளம் என்பதால்தான் உள்ளே நிற்பவரால் "இன்னொரு டெக்னீஷியன் கொடுங்கள்" என்று அழுத்திக் கேட்க முடிவதில்லை. இதன் விலையை நோயாளிதான் கொடுக்கிறார். 2016-இல் சிகாகோ டிரிபியூன் நாளிதழ் 255 கடைகளில் ஆபத்தான மருந்துச் சேர்க்கைகளுக்கான சீட்டுகளைக் கொடுத்துச் சோதித்தது. 52 சதவீதக் கடைகள் எச்சரிக்காமலேயே மருந்தைக் கொடுத்தன. அந்தச் செய்திக்குப் பிறகு எழுந்த விவாதத்தின் நீட்சியாக, தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்ற இல்லினாய் சட்டம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். ஆனால் நேரத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதே தவிர, வாரத்துக்கு இவ்வளவாவது தர வேண்டும் என்ற அடிவரம்பு எங்கும் இல்லை.

முடிவுகளும் காரணங்களும்: 2020 பிப்ரவரி – ஜூன்

பிப்ரவரிக் கடைசியில் நோட்டை மேசையில் வைத்து மூவரும் பேசினோம். அப்படியே தொடரலாம். ரெசிடென்சிக்கு முயலலாம், ஆனால் அந்த ஆண்டுக்கான விண்ணப்பக் காலம் முடிந்திருந்தது, அடுத்ததற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அல்லது ஊரை மாற்றலாம்.

ஊரை மாற்றுவது என்றதும் வேறு மாநிலம்தான் முதலில் மனதில் வந்தது. பக்கத்து மாநிலமான அயோவாவுக்கு லைசென்ஸை மாற்ற, மாநில ஃபார்மசி வாரியங்களின் சங்கமான என்.ஏ.பி.பி வழியாக விண்ணப்பித்து அந்த மாநிலச் சட்டத் தேர்வையும் எழுத வேண்டியிருந்தது. கணவர்தான் கேட்டார்: "இல்லினாய்னா சிகாகோ மட்டுமா?" வரைபடத்தை விரித்துப் பார்த்தால், அதே லைசென்ஸ் செல்லுபடியாகும் பரப்பில் பெரும்பகுதி சோள வயல்தான். தேடலின் சுற்றளவை 40 மைலிலிருந்து 250 மைலாக்கி ஒன்பது விண்ணப்பங்கள் போட்டார். பதினோரு நாளில் நான்கு பேர் கூப்பிட்டார்கள். ஒன்பதுக்கு நான்கு, அங்கே 43-க்கு ஆறு.

ஏற்றுக்கொண்டது, சிகாகோவிலிருந்து தென்மேற்கே மூன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூர்க் கடை. மணிக்கு 61 டாலர், வாரம் 40 மணி நேரம், ஒப்பந்தத்தில் எழுத்தில்.

சேரும்போது 20,000 டாலர் போனஸ் தருவதாகவும் சொன்னார்கள். இந்த இடத்தில் மட்டும் என் அனுபவம் உதவியது. இரண்டு வருடத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. கையில் வருவது முழுத் தொகை இல்லை. போனஸில் மத்திய வரிக்கு 22 சதவீதம், சமூகப் பாதுகாப்பும் மெடிகேரும் சேர்த்து 7.65, மாநில வரி 4.95 என்று பிடித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 13,080. விலகும்போது கட்ட வேண்டியது 20,000. விசாவில் இருப்பவர்களுக்கு வேலை அனுமதி புதுப்பிப்பில் ஒரு தாமதம் போதும், வேலையை விடும்படி ஆகிவிடும். அப்போது இந்த வரி கழுத்தில் விழுந்த சுருக்கு. தொகையைக் குறைத்துக்கொண்டு நிபந்தனையை நீக்கச் சொல்லிக் கேட்கச் சொன்னேன். 12 மாதம் முடிந்ததும் 7,500, 24 மாதம் முடிந்ததும் 7,500, திருப்பித் தரும் விதி இல்லை என்று முடிந்தது. ஆள் கிடைக்காத ஊரில் பேரம் பேச இடமுண்டு. சிகாகோவில் இதைக் கேட்டிருந்தால் அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

இடையில் மார்ச் வந்தது, கோவிட் வந்தது. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. "லேப்டாப்தானே, எங்கே இருந்தா என்ன" என்று ஏப்ரலிலேயே வீட்டைக் காலி செய்யத் தயாரானார்கள். நல்லவேளையாக, கிளம்புவதற்கு முன்பு கணவர் தன் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டார். எச்-1பியில் இருப்பவர் வேலை செய்யும் இடம் வேறு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால் நிறுவனம் தொழிலாளர் துறையிடம் புதிய எல்சிஏ (வேலையிடம், சம்பளம் பற்றிய உறுதிமொழி) எடுத்துத் திருத்த மனு தாக்கல் செய்ய வேண்டும். 2015-இன் சிமியோ தீர்ப்பு முதல் இது தெளிவான விதி. வீட்டிலிருந்து வேலை என்றால் வீடுதான் வேலையிடம். கேட்காமல் போயிருந்தால் அவருடைய நிலை கேள்விக்குறியாகி, அதில் தொங்கும் இவருடைய எச்-4 வேலை அனுமதியும் கேள்விக்குறியாகியிருக்கும். மனு ஜூன் மாதம் தாக்கலானது. ஜூலையில் குடிபெயர்ந்தார்கள்.

பின்விளைவு: 2020 – 2025

முதல் ஆறு மாதம் கஷ்டம் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேலை நல்லா இருந்துச்சுக்கா. வேலை முடிஞ்சப்புறம்தான் என்ன செய்யறதுன்னு தெரியல." சம்பளம் மட்டும் வாரத்துக்கு 2,440 டாலர். பிப்ரவரியின் 17 மணி நேர வாரங்களில் வந்தது 952.

கடையில் நாளுக்கு 180 ஸ்கிரிப்ட். வாடிக்கையாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவு. 2021-இல் கோவிட் தடுப்பூசி முழு வேகத்தில் நடந்தபோது, சுற்றுவட்டாரத்தில் ஊசி போட இருந்த சில கைகளில் இவருடையதும் ஒன்று. 2022-இல் கடையின் பொறுப்பு மருந்தாளுநர் ஆனார். அந்தச் சமயத்தில் நாடு முழுக்க மறுபடி பற்றாக்குறைப் பேச்சு எழுந்தது. சிகாகோவிலும் ஆள் தேடினார்கள், ஆனால் அது இருந்தவர்கள் களைத்து விலகியதால் உண்டான வெற்றிடம். 2023 இலையுதிர் காலத்தில் கேன்சஸ் சிட்டியில் தொடங்கிய மருந்தாளுநர்களின் வெளிநடப்புகளைப் பார்த்தவர்களுக்கு அது புரிந்திருக்கும்.

2023 முடிவில் கணவரின் அலுவலகம் வாரம் இரண்டு நாள் நேரில் வரச் சொன்னது. நகரத்துக்குத் திரும்புவதா என்று மறுபடி கேள்வி. அந்த ஊரில் ஆம்ட்ராக் ரயில் நிற்கும் என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. செவ்வாய் காலை ரயிலேறிப் புதன் இரவு திரும்புகிறார். ஏறும் முன் அந்த நடைமுறைக்கும் வழக்கறிஞரிடம் ஒப்புதல் வாங்கினார்கள். ஒரு முறை சுட்டுக்கொண்டவர்களின் எச்சரிக்கை.

2024-இல் பக்கத்து ஊரின் தனியார் கடை மூடப்பட்டது. அதன் நோயாளிகள் மொத்தமாக இவர் கடைக்கு வந்தார்கள். 180 ஸ்கிரிப்ட் 260 ஆனது, டெக்னீஷியன் மணிநேரம் ஏறவில்லை. சிகாகோவை விட்டு ஓடி வந்த அதே சிவப்புத் திரை மூன்றரை மணி நேரம் பயணம் செய்து இங்கும் வந்து சேர்ந்தது. அந்த அக்டோபரில் மருந்துக்கடைத் தொடரான வால்கிரீன்ஸ் மூன்று ஆண்டுகளில் சுமார் 1,200 கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. சிவிஎஸ் ஏற்கெனவே 900 கடைகளை மூடும் திட்டத்தை முடிக்கும் நிலையில் இருந்தது. 2023-இல் திவால் மனு கொடுத்த ரைட் எய்ட், 2025-இல் எல்லாக் கடைகளையும் மூடிவிட்டது.

2025 தொடக்கத்தில் இவர் ரீடெய்லை விட்டார். அதே மாவட்டத்தில் 25 படுக்கைக்கு மிகாத கிராமப்புற மருத்துவமனை ஒன்று இருக்கிறது. சிகாகோ மருத்துவமனைகள் ரெசிடென்சி இல்லை என்று திருப்பி அனுப்பிய அதே விண்ணப்பத்தை, ஐந்து வருடக் கடை அனுபவத்தைச் சேர்த்து அங்கே கொடுத்தார். எடுத்துக்கொண்டார்கள். மணிக்கு மூன்று டாலர் குறைவு. வாரம் 40 மணி நேரம், காலை ஏழரைக்குப் போய் நாலு மணிக்குத் திரும்பலாம்.

உடன் இன்டர்னாக இருந்த பெண் சிகாகோவிலேயே இருந்துவிட்டார். இரண்டு நிறுவனங்களில் பகுதி நேரமாக மூன்று வருடம் ஓடி, இப்போது வீட்டிலிருந்தபடி காப்பீட்டு முன் அனுமதிகளைப் பரிசீலிக்கும் வேலையில் இருக்கிறார். கடன் இன்னும் பாதி இருக்கிறது.

மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

மணி நேரம் எழுத்தில் இல்லாத ஆஃபரை, மணிக்கு எவ்வளவு கொடுத்தாலும், ஒரு வாரமாவது கிடப்பில் போட்டு வேறு இடங்களில் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். தனியார் கடையின் 48 டாலர் ஆஃபரை நாங்கள் சரியாக எடைபோடவே இல்லை. 16 வாரச் சராசரியாக 24 மணி நேரம் வந்ததால் பணக் கணக்கில் ஃப்ளோட்டர் வேலைதான் மேலே நின்றது, உண்மை. ஆனால் காரில் கழிந்த நேரத்தையும் பெட்ரோலையும் டோலையும் கழித்தால் வித்தியாசம் பாதிக்கும் கீழே. அதோடு, ஒரே கடையில் நின்றிருந்தால் அந்த நான்கு மாதத்தில் தொழிலைக் கற்றிருப்பார். 14 கடைகளில் கற்றது பெரும்பாலும் வழிதான்.

தேடலின் சுற்றளவை முதல் நாளே விரித்திருக்க வேண்டும். லைசென்ஸ் வாங்கியது மாநிலத்துக்கு, நாங்கள் தேடியது ஒரு நகரத்துக்கு. ஐந்து மாதம் அதிலேயே போனது.

நோட்டை மட்டும் மாற்ற மாட்டோம். என் கடையில் இப்போது இன்டர்னாக இருப்பவரும் ஒன்று வைத்திருக்கிறார். ஐந்தாவதாக ஒரு பத்தியை அவரே சேர்த்துக்கொண்டார்: அன்று எத்தனை டெக்னீஷியன் இருந்தார்கள் என்பது.